தினம் ஒரு சத்தியம்

எங்கள் லைன் வீட்டு முக்கில் பலசரக்குக் கடை வைத்திருந்தவருக்கு என் மேல் ஒரு சந்தேகம் இருந்தது. கற்பூரம் கேட்டு நான் அத்தனை தடவை போவேன்.

"சேச்சி, நிங்கட வீட்டு சாமிக்கு இத்தற வெளிச்சம் போதாதோ? அம்பலத்துக்குக்கூட நான் இவ்வளவு கொடுக்கல்ல, கேட்டோ" என்று ஒரு நாள் சொன்னார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்தபடி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கற்பூரம் சாமிக்கு இல்லை. நான் கையால் அடித்து அணைப்பதற்கு.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. திருவனந்தபுரத்தில், தம்பானூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்துவிடுகிற தூரத்தில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் அங்கே ஒரு சைவ ஓட்டலில் சரக்கு மாஸ்டர். சாம்பார், ரசம், கூட்டு எல்லாம் அவர் கையில். சாயங்காலம் வந்து கால் கழுவிவிட்டுப் பலகையில் உட்கார்ந்ததும் கேள்வி தொடங்கும்.

"மத்தியானம் ஆரு வந்தா?"

"ஆரும் வரல்ல."

"பின்ன வாசல் முத்தத்துல செருப்புத் தடம் எப்படி?"

"குழாய்க்குப் போறவங்க நடந்திருப்பாங்க."

"சத்தியம் பண்ணு."

தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தி என் முன்னால் வைப்பார். நான் உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். நாஞ்சில் நாட்டுப் பக்கம் எங்கள் ஆட்களுக்கு அதுதான் கடைசி வார்த்தை. கற்பூரம் அணைத்துப் பொய் சொன்னவள் குடும்பம் விளங்காது என்பார்கள். அணைத்த பிறகு யாரும் எதுவும் கேட்கக் கூடாது. அவரும் கேட்க மாட்டார். முகம் தெளிந்துவிடும். மகளை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார்.

படிக்கிறவர்கள் உடனே ஒன்று நினைப்பார்கள். அது இல்லை. என் நடத்தையில் அவர் சந்தேகப்படவில்லை. எல்லோரும் சேர்ந்து அவருக்கு எதிராக ஏதோ திட்டம் போடுகிறார்கள் என்பதுதான் அவர் எண்ணம். பக்கத்து வீட்டு மலையாளத்துச் சேச்சி கறிவேப்பிலை கொடுத்தால், எதற்குக் கொடுக்கிறாள்? தபால்காரன் சிரித்தால், என்ன தெரிந்து சிரிக்கிறான்? நான் மகளிடம் குரலைத் தாழ்த்தி ஏதாவது சொன்னால் போச்சு, அன்றைக்கு இரண்டு கற்பூரம்.

கல்யாணமான புதிதில் என் மாமியார்தான் சொல்லிக் கொடுத்தார். "அணைச்சிரு மக்ளே. ஒரு நிமிசம். அவன் அடங்கிருவான்." உண்மையாகவே அடங்கினார். அதனால் வீட்டில் எல்லோரும் கற்பூரத்தை மருந்து என்றே நம்பினோம். எப்போதோ ஒரு தடவை என்று இருந்தது வெள்ளிக்கிழமைதோறும் என்றாகி, பிறகு தினமும் என்றானதை ஒருவரும் கவனிக்கவில்லை. அணைக்கிற நானே கவனிக்கவில்லை.

அவரைப் பைத்தியம் என்று யாரும் சொல்ல முடியாது. குடி கிடையாது, பீடி கிடையாது. உப்பு ஒரு நாளும் கூடியதில்லை. ஆனால் எந்த ஓட்டலிலும் நிலைக்க மாட்டார். பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். "இதுல எவனோ எதையோ கலந்திருக்கான். என் கைப்பேரக் கெடுக்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுவார். தம்பானூரில் அவர் ஏறி இறங்காத அடுக்களை குறைவு.

கூடவே இருந்து எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. கதவைத் திறக்குமுன் சன்னல் வழியாகப் பார்ப்பேன். யார் என்ன கேட்டாலும், எதற்குக் கேட்கிறார்கள் என்று முதலில் யோசிப்பேன். மகளுக்கும் பழக்கிவிட்டேன், எது கேட்டாலும் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்று. பள்ளிக்கூடத்தில் டீச்சர் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்கும், தெரியாது என்று மலையாளத்தில் அவள் "அறிஞ்ஞூடா" என்றாளாம். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "வீட்டில ஒண்ணும் திங்கக் கொடுக்கறதில்லையா?" என்று கேட்டாள். இட்லி தின்றுவிட்டுப் போன பிள்ளை அது.

என் அண்ணன் தோவாளைப் பக்கம் பூ விவசாயம். ஒரு தடவை வந்திருந்தபோது என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டான். நடுவில் எத்தனை தேய்த்தாலும் போகாத கறுப்பு.

"எளா, இதென்ன கையில?"

நான் கையை மடக்கிக்கொண்டேன். மகள்தான் சொன்னாள். "அம்மா சத்தியம் பண்ணுனது மாமா. தினம் உண்டு."

இவர் வேலைக்குப் போயிருந்த நேரம். அண்ணன் முற்றத்தில் எழுந்து நின்றான். "நீ ஒரு வார்த்தை சொல்லி விடு. ஓணம் கழிஞ்சு வந்து உன்னையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிருவேன். பொறவு இந்தப் படிய மிதிக்கப்பிடாது. யோசிச்சுக்கோ."

யோசித்தேன். போனால் மகளுக்கு அப்பா இல்லை. ஓட்டலிலிருந்து அவளுக்கென்று வாழையிலையில் எதையாவது பொதிந்து கொண்டுவராமல் அவர் ஒரு நாளும் வந்ததில்லை. அவள் முகத்தைப் பார்த்து மட்டும்தான் அவர் சந்தேகப்படாமல் சிரிப்பார். இருந்தாலோ, அந்தப் பிள்ளையும் எங்களைப் போல ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன்.

அந்தச் சமயத்தில் அவருக்கு வயிற்றெரிச்சல் வந்தது. தூக்கமும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வயிற்றைப் பார்த்த டாக்டர் இவரிடம் கொஞ்சம் பேசிவிட்டு, குடலில் புண் ஒன்றும் இல்லை, எதிர்க் கட்டடத்தில் போய்க் காட்டுங்கள் என்று சீட்டு கொடுத்தார். எதிர்க் கட்டடத்து வாசலில் மனநோய் என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. இவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

"ஏட்டி, நீயும் அந்த வயித்து டாக்டரும் சேர்ந்துதானே இதைச் செய்தீங்க?"

திரும்பி வந்துவிட்டோம். அன்றைக்குச் சாயங்காலம் கற்பூரம் எத்தனை என்று சொல்லவே வேண்டாம். ஆனால் சில நாள் கழித்து அவரே சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, போவோம்" என்றார். எனக்கு ஆச்சரியம். பஸ்ஸில்தான் காரணம் தெரிந்தது. "நான் போகல்லண்ணா எனக்கு முந்தி நீ போய் இல்லாததும் பொல்லாததும் சொல்லிருவே. அங்க என்ன நடக்குண்ணு நானே பாக்கணும்." அவரை டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது என் சாமர்த்தியம் இல்லை, அவர் சந்தேகம்தான்.

டாக்டர் ஒரு மலையாளத்துப் பெண். என்னைவிட வயது குறைவு. எங்களோடு பேசுவதற்காகத் தெரிந்த தமிழைக் கலந்து பேசினாள்.

"இரிக்கு மாஸ்டரே."

இவர் உட்காரவில்லை. "அந்த திரைக்குப் பின்ன ஆரு?"

அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய்த் திரையை விலக்கினாள். கை கழுவுகிற தொட்டி இருந்தது. "நல்லா நோக்கிக்கோங்க." இவர் குனிந்து தொட்டிக்கு அடியிலும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

எனக்கு அவளிடம் தனியாகச் சொல்ல நிறைய இருந்தது. கண்ணால் சாடை காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உரக்கவே சொன்னாள்: "அம்மா, மாஸ்டர் இல்லாம நான் உங்ககிட்ட ஒண்ணும் பேச மாட்டேன். எது உண்டெங்கிலும் இவர் முன்னாடி பறயணும்."

எனக்கு முகம் எரிந்தது. இவர் அன்றுதான் முதல் தடவையாக ஒரு அந்நிய ஆளை நேராகப் பார்த்தார். சரிதான், இவள் அவர் கட்சி என்று நினைத்துக்கொண்டேன். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு அவள் மேல் சந்தேகம். வீட்டு ரகசியத்தையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாள்? நாளைக்கு மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தால், தகப்பன் அந்தக் கட்டடத்துக்குப் போனவன் என்று தெரிந்தால்?

கற்பூரத்தைப் பற்றி இவரேதான் சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை, தான் எவ்வளவு கவனமான ஆள் என்று காட்டச் சொன்னார். அவள் என் கையை வாங்கிப் பார்த்தாள்.

"சத்தியம் கழிஞ்சா எத்தற நேரம் சமாதானம் கிட்டும்?"

இவர் யோசித்தார். "தூங்கப் போறது வரைக்கும்."

"பின்னெ?"

"பின்ன... கைய ரொம்ப வேகமா வெச்சாளோண்ணு தோணும். மனசுல வேற எதையோ நெனச்சிட்டு அணைச்சாளோண்ணு தோணும்."

"அப்போ அடுத்த நாள் பின்னேயும் வேணும்."

"ஆமா."

"சொறியும்போ சுகம்தான் மாஸ்டரே. சொறிய சொறிய அரிப்பு கூடுமே." பிறகு என்னைப் பார்த்தாள். "இனி அணைக்க வேண்டா. கேட்டா உள்ளது எதுவோ அது ஒரு தடவை சொல்லணும். ரெண்டாம் தடவை வேண்டா. தர்க்கமும் வேண்டா. மறைக்கவும் வேண்டா."

எனக்கு வந்த தைரியத்தில் அவர் முன்னாலேயே கேட்டுவிட்டேன். "டாக்டரே, இது பைத்தியமா?"

"பிராந்து அல்ல. இது சுபாவம். எல்லாருக்கும் கொஞ்சம் சந்தேகம் உண்டு, வேணும். சிலருக்குச் சின்ன வயசிலேயே அது ஒரு பக்கமா வளைஞ்சு, அப்படியே உறைச்சுப் போகும். வளைஞ்ச ஆளுக்கு அது தெரியாது. லோகம் மொத்தமும் வளைஞ்சிருக்கு, நான் மாத்திரம் நேரா நிக்கறேன்னுதான் தோணும். காய்ச்சல்போல மருந்து குடிச்சுப் போகிறது அல்ல. பேசணும். வர்ஷம் ஆகும். முழுசும் மாறும்னு நான் பறயல்ல."

பேசுவதற்கா ஒரு ஆஸ்பத்திரி, அதற்கு ஒரு டாக்டர் என்று நினைத்தேன்.

தூக்கத்துக்கு மட்டும் சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தாள். வீட்டுக்கு வந்து இவர் அதைத் தண்ணீரில் போட்டு நிறம் மாறுகிறதா என்று பார்த்தார். பிறகு ஒன்றை என் கையில் வைத்து, "முதல்ல நீ முழுங்கு" என்றார். சாப்பிட்டுத் தொலைத்தேன். விடிந்தது தெரியவில்லை, பால்காரன் கூப்பிட்டது தெரியவில்லை. மகள்தான் தலையில் தண்ணீர் தெளித்து எழுப்பினாள். இவர் பலகையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "விஷம் இல்ல. ஆனா நான் இப்படி உறங்கினா வீட்ட ஆரு பாத்துக்கிடுவா?" என்றார்.

அடுத்த தடவை அதை டாக்டரிடம் அப்படியே சொன்னார். அவள் என்னிடம், "இனி இவருக்கு வெச்ச மருந்த நீங்க தொடக்கூடாது, கேட்டோ" என்று கண்டித்தாள். அவரிடம், "வேண்டாம்னா வேண்டா மாஸ்டரே. தாங்க" என்று கையை நீட்டி மாத்திரைகளைத் திரும்ப வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டாள். இவர் வெகுநேரம் அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். திணிப்பாள் என்று எதிர்பார்த்துச் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தார், பாவம்.

வீட்டில்தான் கஷ்டம். கற்பூரத்தைக் கொளுத்தி வைப்பார். நான் ஒரு தடவை, "ஆரும் வரல்ல" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போய்விடுவேன். "அணைக்க மாட்டேங்கியா? அப்போ நான் நெனச்சது உள்ளதுதானே!" என்று கத்துவார். அது எரிந்து புகைந்து தானாக அணையும். மகள் மூலையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொள்வாள். முன்னைவிட மோசமாயிற்று. வேலை நேரத்தில் பாதியில் எழுந்து வீட்டைப் பார்க்க வந்தார். ஓட்டல் முதலாளி, "மாஸ்டர், இது கடைசி" என்று சொல்லிவிட்டார். அந்த டாக்டர் என் குடும்பத்தை உடைக்கத்தான் வழி சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

தோவாளையிலிருந்து பூக்கூடையோடு காலை பஸ்ஸில் வருகிற அம்மா ஒருத்தி எங்கள் தெரு வழியாகப் போவாள். அவளிடம் சொல்லி அனுப்பினேன். "எங்க அண்ணன்ட்ட சொல்லணும். ஓணம் கழிஞ்சு வரட்டும்ணு."

"என்ன பிள்ளே, சண்டையா?"

"இல்ல. சும்மாதான்."

அதற்குப் பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரியில், டாக்டர் எதுவும் கேட்காமலே இவர் சொல்லத் தொடங்கினார். சின்னப் பையனாக இருக்கும்போது அவருடைய சித்தப்பா, கோயில் திருவிழா ஆறாட்டு பார்க்கலாம் என்று திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாராம். புதுச் சட்டையெல்லாம் வாங்கிக் கொடுத்தாராம். தம்பானூரில் ஒரு ஓட்டலில் உட்கார வைத்து, "சாப்பிட்டிட்டு இரு, இப்ப வாறேன்" என்று சிரித்துக்கொண்டே போனவர் திரும்பவில்லை. அந்த ஓட்டலிலேயே எச்சில் மேசை துடைக்க இவரை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். "அண்ணைக்கு முழுக்க நான் வாசலயே பாத்திட்டு இருந்தேன்" என்றார். "வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மாத்திரம்தான் தெரியாது."

இத்தனை வருஷம் கூட வாழ்ந்த எனக்கும் அது தெரியாது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். டாக்டர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அன்னைக்கு நீங்க சந்தேகப்பட்டிருக்கணும், படல்ல. இன்னைக்கு வேண்டாத இடத்திலும் படறீங்க" என்றாள். பிறகு ஒரு வேலை கொடுத்தாள். யார் மேலாவது சந்தேகம் வந்தால், அது தப்பு என்று நினைக்க வேண்டாம். அதற்கு வேறு ஒரு காரணம் இருக்குமா என்று ஒன்றே ஒன்று கண்டுபிடித்துக்கொண்டு வர வேண்டும்.

முதலில் இவர் கொண்டுபோன காரணங்களைக் கேட்டால் சிரிப்பு வரும். "தபால்காரன் இண்ணைக்குச் சிரிக்கல்ல. வேற காரணம் என்னண்ணா, நான் அவன் திட்டத்தக் கண்டுபிடிச்சது அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு." டாக்டரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். நான் பயந்தேன். இவரும் லேசாகச் சிரித்தார்.

கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ அசைந்தது. ஒரு சாயங்காலம் வந்து, ஓட்டலில் பெருங்காயத்தை முகர்ந்தபோது வாசனை வேறாக இருந்தது என்றார். துண்டை உதறிவிட்டு வந்திருப்பார் என்று நினைத்தேன். "பழைய டப்பா. மழைக்கு ஈரம் பிடிச்சிருக்கும்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார், சரியா என்று கேட்பதுபோல. கற்பூரம் கொளுத்துவது தினம் என்பது போய் எப்போதாவது என்றாயிற்று. இது நிஜமா, அல்லது பெரிதாக ஒன்றுக்குப் பதுங்குகிறாரா என்று எனக்குச் சந்தேகம். இவருக்குக் குறையக் குறைய எனக்குக் கூடியது.

பூக்கார அம்மாவைத் தேடிப் போய், அண்ணன் இப்போது வர வேண்டாம் என்றேன். "சொல்லியாச்சு பிள்ளே. இனி நான் போய் வேண்டாம்ணு சொன்னா, உன் அண்ணன் என்னைத்தான் சந்தேகப்படுவான்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஓணம் கழிந்து ஒரு லீவு நாள் மத்தியானம் அண்ணன் வந்து நின்றான். கையில் காலிப் பை. துணி எடுத்துப் போவதற்குத்தான் அது என்று எனக்குப் புரிந்தது. இவர் வீட்டில்தான் இருந்தார்.

"வாங்க மச்சான். என்ன திடீர்னு?"

"சும்மா மாப்பிளே. சாலைக் கடையில ஒரு சோலி. போற வழியில இங்க ஏறினேன்."

இவர் அந்தக் காலிப் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே போய்த் தட்டையும் கற்பூரத்தையும் எடுத்து வந்து கொளுத்தி என் முன்னால் வைத்தார்.

"நீ வரச் சொல்லல்லண்ணு அணை."

அத்தனை வருஷமும் உண்மைக்குத்தான் அணைத்திருக்கிறேன். அன்றைக்கு அணைத்தால் பொய். அண்ணன் கண்ணால் ஜாடை காட்டினான், அணைத்துத் தொலை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் சொல்லி விட்டேன்" என்றேன். "பூக்கார அம்மாட்ட. என்னையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போறதுக்கு."

கற்பூரம் எரிந்து தீர்ந்தது. தட்டு பறக்கும், அடி விழும் என்று அண்ணன் ஒரு அடி முன்னால் வந்துவிட்டான். இவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"கண்டீங்களா மச்சான்" என்றார். "நான் நெனச்சது சரி."

அதைச் சொன்ன விதத்தை எனக்கு இன்றும் விளக்கத் தெரியவில்லை. கோபம் இல்லை. நீண்ட நாள் தேடிய சாமான் கையில் அகப்பட்ட மாதிரி. பிறகு என்னிடம் கேட்டார். "இப்பவும் போகணுமா?"

"பிள்ளைக்கு முன்னால இனி கற்பூரம் கொளுத்தினா போவேன். உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் போவேன். ஒளிச்சுப் போக மாட்டேன்." இதை நான் இரண்டாம் தடவை சொல்லவில்லை.

அவர் எழுந்து அடுக்களைக்குப் போனார். காய் நறுக்குகிற சத்தம் கேட்டது. அண்ணன் என் காதருகில், "என்ன பிள்ளே, சோத்துல எதையாவது போட்டிருவானோ?" என்றான். எனக்கும் அதே நினைப்பு வராமல் இல்லை. இலை போட்டு, சோறு வைத்து, சாம்பார் ஊற்றினார். அண்ணன் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

இவர் கரண்டியோடு நின்று பார்த்தார். "பசி இல்லியா மச்சான்? இல்ல, வேற காரணம் உண்டா?"

அண்ணனுக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மகள் மாமா இலையிலிருந்து ஒரு உருண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அவனும் சாப்பிட்டான், இரண்டு தடவை சாம்பார் கேட்டு வாங்கி.

சாயங்காலம் காலிப் பையோடேயே அண்ணன் கிளம்பினான். "உனக்கே பின்னால தெரியும்" என்று என்னிடம் முறைத்துவிட்டுப் போனான். அவன் முக்குத் திரும்பினதும் இவர் கேட்டார்.

"போயிட்டாரா?"

"போயிட்டாரு."

சட்டையை மாட்டினார். "பஸ்ஸு ஏறினாராண்ணு பாத்திட்டு வாறேன்" என்று தம்பானூருக்கு நடந்தார். நான் தடுக்கவில்லை. இருட்டுவதற்குள் திரும்பி வந்தார். "நாகர்கோவில் பஸ்ஸு. சன்னல் பக்கம் சீட்டு. என்னைக் கண்டு கை காட்டினாரு" என்றார். மகளுக்கு வாங்கி வந்த பழம்பொரியைப் பிட்டுக் கொடுத்தார்.

வெகு நாள் கழித்து அண்ணனிடம் கேட்டபோது, பஸ் ஸ்டாண்டில் தான் யாரையும் பார்க்கவில்லை என்றான். இரண்டு பேரில் யார் சொன்னது உள்ளது என்று நான் துருவிக் கேட்கவில்லை.